முள் முட்டும் சத்தம்

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ரேடியோ கடையில் மூன்று பொருட்களுக்குப் பூட்டு உண்டு: கல்லாப்பெட்டி, வால்வு அலமாரி, மீட்டர் பெட்டி. வருஷம் 1976. எனக்குப் பதினாறு வயது. முதல் எட்டு மாதம் மீட்டரைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. ஆசான் இடுப்புச் சாவியை எடுத்து மரப்பெட்டியைத் திறப்பார். மேசையில் சணல் சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போட வேண்டியது என் வேலை. அதன்மேல்தான் அந்தக் கறுப்பு மீட்டர் வந்து உட்காரும்.

முள்ளுக்குப் பின்னால், எண்கள் எழுதிய தட்டில், வில்போல வளைந்த ஒரு கண்ணாடிக் கீற்று இருக்கும். முகம் பார்க்கிற கண்ணாடிதான். முள்ளும் கண்ணாடியில் தெரிகிற அதன் பிம்பமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கோடாகும்வரை தலையை நகர்த்த வேண்டும். அந்த இடத்திலிருந்து வாசித்தால்தான் எண் சரியாக இருக்கும். கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலும் கணக்கு தப்பும். ஒன்பதாவது மாதம் எனக்கு மீட்டர் கிடைத்தபோது ஆசான் சொன்னது இவ்வளவுதான்: "மக்களே, மொதல்ல பெரிய ரேஞ்சு. பொறவு சின்னது. முள்ளு போயி முட்டுத சத்தம் எனக்குக் கேக்கப்பிடாது." சின்ன ரேஞ்சில் வைத்துப் பெரிய வோல்டேஜைத் தொட்டால் முள் கடைசிவரை பாய்ந்து ஓரத்துத் தடுப்பில் 'டிக்' என்று முட்டும். அதிகமானால் முள் வளையும், உள்ளே காயில் கருகும். அந்த மீட்டரின் விலை என் பல மாதச் சம்பளம்.

இப்போது தக்கலையில் என் கடைக்கு வருகிற பையன்கள் பைக் சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் மீட்டர் ஒன்றை எடுத்து, "அண்ணாச்சி, இது நல்லதா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மீட்டர் எப்படி இந்த ஊருக்கு வந்தது என்று தெரியாமல் எதை வாங்குவது என்று சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்த மண். திருவனந்தபுரத்தில் 1929இல் மின்விளக்கு எரிந்தது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகு, பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றில் இரண்டு மின்நிலையங்கள் 1970, 71இல் வந்தன. ஒன்று 60 மெகாவாட், மற்றது 40. எங்கள் வீட்டுக்குக் கறண்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். அடுக்களையில் ஒரு பல்பு, திண்ணையில் ஒரு பல்பு. சாயங்காலம் பல்பைப் போட்டதும் அப்பா அதைப் பார்த்துக் கும்பிடுவார்.

அன்றைக்கு வயர்மேன்களிடம் மீட்டர் கிடையாது. டெஸ்ட் லேம்ப் உண்டு. ஒரு ஹோல்டர், இரண்டு துண்டு வயர், 60 வாட் பல்பு. ஒரு முனையைப் பேஸில், மற்றதை நியூட்ரலில் வைத்தால் எரியும். மங்கலாக எரிந்தால் லூஸ் ஜாயின்ட். இரண்டு பேஸுக்கு நடுவே பார்க்க வேண்டுமானால் இரண்டு பல்பைத் தொடராகக் கட்டுவார்கள். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல். ஒற்றைப் பல்பு வெடித்துக் கண்ணில் அடிக்கும். மேல்சட்டைப் பையில் செருகிய நியான் டெஸ்டர் பிறகு வந்தது. அது கறண்டு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. நியூட்ரல் அறுந்த வீட்டில்கூட டெஸ்டர் சந்தோஷமாக மின்னும். அதை நம்பி உயிரை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

டெஸ்ட் லேம்ப் ஒரு நேர்மையான கருவி. 60 வாட் பல்பு கால் ஆம்பியருக்கு மேல் கரண்டை இழுத்துத்தான் எரியும். அவ்வளவு கரண்டைத் தர முடியாத லைன், 'எனக்குப் பலமில்லை' என்று உடனே காட்டிவிடும். அதன் குறையும் அதுதான். சோதிக்கிற இடத்திலிருந்து இவ்வளவு பிடுங்கினால், ரேடியோவுக்குள் இருக்கிற மெல்லிய சர்க்யூட் தாங்காது. அங்கேதான் மீட்டர் தேவைப்பட்டது.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அளக்கிற மீட்டரை உண்டாக்கியவர் டொனால்ட் மெக்காடி, பிரிட்டிஷ் தபால் துறையில் என்ஜினீயர். டெலிபோன் லைன்களைச் சோதிக்க ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்துப்போன மனிதர். 1923இல் லண்டனில் அவருடைய கருவி 'ஏவோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றின் முதலெழுத்துகளும் சேர்ந்த பெயர். 1951இல் வந்த அதன் எட்டாம் மாடல் உலகம் முழுக்கப் போனது. 2008 வரை ஏவோ மீட்டர் செய்துகொண்டிருந்தார்கள். தூக்கினால் கை வலிக்கும் கனம்.

எங்கள் ஆசானிடம் இருந்தது இந்திய மீட்டர், மோட்வானே. இந்தப் பெயரை இன்றைய மெக்கானிக்குகள் மறந்துவிட்டது எனக்கு வருத்தம். சிந்து மாகாணத்திலிருந்து பம்பாய் வந்த குடும்பம். 'சிகாகோ ரேடியோ' என்ற பெயரில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர்கள். 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' நாட்களில், உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியமாக காங்கிரஸ் ரேடியோ நடத்தினார்களே, அந்த வழக்கில் அவர்களோடு கைதானவர்களில் நானிக் மோட்வானே ஒருவர். கருவி கொடுத்து உதவினார் என்பது குற்றச்சாட்டு. அந்த வீட்டார் செய்த மீட்டரைத்தான் மீனாட்சிபுரத்தில் சணல் சாக்கில் வைத்து நாங்கள் ரேடியோ பார்த்தோம் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

எண்பதுகளில் பூட்டு திறந்தது. திறந்தவர்கள் வளைகுடாவுக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள். 1982இல் என் அத்தான் துபாயிலிருந்து வந்தபோது டேப்ரிக்கார்டரும் சென்ட்டும் எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்தார். எனக்கு மட்டும் கைக்குள் அடங்குகிற ஒரு ஜப்பான் மீட்டர். சான்வா, 360 மாடல். முதல்முறையாக எனக்கென்று ஒரு மீட்டர். 1984 அக்டோபரில் நாகர்கோவிலில் வானொலி நிலையம் தொடங்கியது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். ஊர் முழுக்க ஆட்கள் பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரேடியோ கடைகளுக்கு வந்தார்கள். அந்த ஒரு வருஷ வேலையில்தான் நான் தனிக்கடை போட்டேன். சான்வா முள் ஒருநாள்கூட முட்டியதில்லை.

இனி, அந்தப் பையன்களின் மோட்டார் சைக்கிளுக்கு வருகிறேன். பழைய புல்லட்டில் மீட்டர் வண்டியோடேயே வரும் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஹெட்லைட் தலையில், ஸ்பீடா மீட்டருக்குக் கீழே, காலணா அகலத்தில் ஒரு ஆம்மீட்டர். நடுவில் பூஜ்யம். முள் வலது பக்கம் சாய்ந்தால் பேட்டரி சார்ஜ் ஆகிறது, இடது பக்கம் சாய்ந்தால் செலவாகிறது. சாவி போட்டதும், பொறி உண்டாக்குகிற பாயின்ட் மூடியிருந்தால் முள் இடப்பக்கம் கொஞ்சம் இறங்கும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துப் பிஸ்டனை அந்த உச்சியிலிருந்து சற்றே தாண்டவிட்டு ஒரே உதை, வண்டி எடுத்துவிடும். எங்கள் பகுதியில் ஒரு பாதிரியார் அந்த முள்ளைப் பார்த்துத்தான் புல்லட் எடுப்பார். அறுபது வயதில், மெலிந்த உடம்பு, ஒருநாளும் இரண்டாவது உதை கிடையாது. அளந்து பார்த்துச் செய்தால் பலம் வேண்டாம் என்பதை நான் அவரிடம் கண்டேன்.

அந்தக் கால வண்டிகளில் பல 6 வோல்ட். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், பக்கத்திலேயே கடல். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் வண்டிகளில் கரண்ட் வயர் முனைகள் பச்சை பூத்துப் போகும். 6 வோல்ட்டில் ஒரு வோல்ட் துருவிலேயே போய்விட்டால் ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்குதான். 1984, 85இல் ஜப்பான் கூட்டில் புதிய வண்டிகள் வந்தன. ஹோசூரிலிருந்து இன்ட்-சுசுகி, வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ்.100. பாயின்ட் போய் சி.டி.ஐ. என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் வைத்துப் பொறி பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகுதான் நிலைமை முற்றாக மாறியது. இப்போது சாதாரண 100 சி.சி. வண்டியிலும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றுகிறது. சென்சார் வயரில் ஓடுவது 5 வோல்ட். அதில் போய் 12 வோல்ட், 5 வாட் டெஸ்ட் லேம்பை வைத்தால், பல்பு கேட்பது கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர். நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம். 12 வோல்ட்டில் அது எடுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும், அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எங்கள் முள் மீட்டர்கூட ஐம்பது மைக்ரோ ஆம்பியர்வரை எடுக்கும். இன்றைய வண்டிக்கு டிஜிட்டல் மீட்டர் வசதிக்காக அல்ல. வேறு வழி கிடையாது.

டிஜிட்டல் மீட்டர் பிறந்தது அமெரிக்காவில், 1950களின் தொடக்கத்தில், ஆண்ட்ரூ கே என்பவரின் நிறுவனத்தில். மேசையை அடைக்கிற பெட்டி அது. எழுபதுகளின் பிற்பாதியில் அதன் வேலை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கினார்கள். அந்தச் சில்லின் வாரிசுதான் இன்றைக்கும் மஞ்சள் மீட்டருக்குள் இருக்கிறது. 1999 வரை எண்ணும். அதற்கு மேல் ஓரத்தில் '1' என்று மட்டும் காட்டி நிற்கும். முட்டுகிற சத்தம் கிடையாது. என் கைக்கு அது தொண்ணூறுகளின் நடுவில் வந்தது.

வந்த வாரமே எனக்குப் பாடம். டயோடுகள் எல்லாம் தலைகீழாகக் காட்டின. அரை நாள் மண்டையை உடைத்த பிறகு விளங்கியது: முள் மீட்டரில் ஓம் ரேஞ்சில் பாசிட்டிவ் வருவது கறுப்பு வயரில், டிஜிட்டலில் சிவப்பில். இருபது வருஷப் பழக்கத்தைக் கை மறக்க வேண்டியிருந்தது.

அடுத்த பாடத்துக்கு ஒரு வாடிக்கையாளர் விலை கொடுத்தார். அருமனையிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிவரும் ஒருவரின் வண்டி. ஓடும்போது பேட்டரியில் பார்த்தால் 15.6 வோல்ட். 14.5ஐத் தாண்டக் கூடாது. சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது என்று சொல்லிப் புதிது போட்டேன். மறுபடி பார்த்தால் 15.7. சந்தேகப்பட்டு மீட்டரின் பின்மூடியைத் திறந்து 9 வோல்ட் பேட்டரியை மாற்றினேன். 14.2. மலிவு மீட்டரில் உள்ளே இருக்கிற பேட்டரி இறங்க இறங்க, காட்டுகிற எண் ஏறும். ஒப்பிட்டுப் பார்க்கிற அளவே சுருங்கிவிடுவதால் வருகிற கோளாறு. பழைய யூனிட்டைத் திருப்பிப் போட்டு, பணத்தையும் கொடுத்தேன். அவர், "பரவாயில்ல அண்ணாச்சி" என்றார். எனக்குப் பரவாயில்லை என்று இல்லை. அன்றிலிருந்து திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் புது பேட்டரி ஒன்றில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலை.

இனி பையன்களின் கேள்விக்கு வருகிறேன். இருநூறு முந்நூறு ரூபாய் மஞ்சள் மீட்டரை எடுத்து, வயர் செருகுகிற மூன்று ஓட்டைகளைப் பாருங்கள். '10 ஆம்பியர்' என்று எழுதியதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'அன்பியூஸ்டு' என்று இருக்கும். அந்த ஓட்டைக்குப் பியூஸ் கிடையாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பைக்கில் கரண்ட் லீக் பார்க்க வயரை அங்கே மாற்றிச் செருகுவீர்கள். மறந்துபோய் அப்படியே வீட்டு பிளக் பாயின்ட்டில் வைத்தால், அது மீட்டர் அல்ல, பேஸையும் நியூட்ரலையும் சேர்க்கிற ஒரு செப்புத் துண்டு. கையில் வெடிக்கும். பைக்குக்கு மட்டும் என்றால் மஞ்சள் மீட்டர் போதும். வீட்டுச் சுவரில் அதை வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வீட்டுக்கும் வண்டிக்கும் ஒன்றே வேண்டுமானால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல மீட்டர் கிடைக்கிறது. ஆம்பியர் அளக்கிற இரண்டு ஓட்டைகளுக்கும் பியூஸ் இருக்க வேண்டும். கண்ணாடிப் பியூஸைவிட வெள்ளைப் பீங்கான் பியூஸ் நல்லது. 'கேட் 3, 600 வோல்ட்' என்ற குறி வேண்டும். கேட் 2 என்பது பிளக்கில் செருகுகிற சாமான்களுக்கு. கேட் 3 மெயின் போர்டுக்கு. குறியை யாரும் அச்சடிக்கலாம் என்பதால் வயரையும் பாருங்கள். தடித்து, வளைந்து கொடுத்து, முனையில் விரல் நழுவாமல் விளிம்பு வைத்திருக்க வேண்டும். மெல்லிய வயரோடு வருகிற மீட்டர் எந்தக் குறி போட்டிருந்தாலும் வேண்டாம். பஸ்ஸர் தொட்டவுடன் கத்த வேண்டும். தானாக அணைகிற வசதி வேண்டும். வீட்டில் பழைய சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' பாருங்கள். சாதாரண மீட்டர் அதன் 230 வோல்ட்டை 255 என்று காட்டும். 2012 வாக்கில் பகல் பாதி கறண்டு இல்லாத நாட்களில், நல்ல இன்வெர்ட்டர்களை இந்த எண்ணை நம்பி எத்தனையோ பேர் ரிப்பேருக்குத் தூக்கிவந்தார்கள். வெப்பநிலை அளக்கிறது, டிரான்சிஸ்டர் பார்க்கிறது என்பதற்கெல்லாம் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

வாங்கிவிட்டீர்களா? வண்டியை இரவு நிறுத்தி, காலையில் சாவி போடாமல் பேட்டரியைப் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்த பேட்டரி. 12க்குக் கீழே என்றால் காலி. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது 10க்குக் கீழே விழக் கூடாது. ஆம்பியர் ரேஞ்சில் வைத்து மட்டும் ஸ்டார்ட்டரை அழுத்திவிடாதீர்கள். அது கேட்பது பத்து ஆம்பியர் அல்ல, அதைவிடப் பல மடங்கு. கடற்கரை வண்டிக்காரர்கள் ஒன்று கூடுதலாகச் செய்யலாம்: கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை இன்ஜினில், ஹாரனை அழுத்துங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் உப்பு. உப்புத்தாளால் தேய்த்தால் தீர்கிற கோளாறுக்குப் புது பேட்டரி வாங்கியவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம்.

டிஜிட்டலுக்கும் ஒரு பொய் உண்டு. எங்கும் சேராத ஒரு வயர், கறண்டு ஓடுகிற வயர் பக்கத்தில் ஒரே குழாயில் போனால், மீட்டர் அதில் அறுபது, எண்பது வோல்ட் காட்டும். மிகக் குறைவாக இழுப்பதால் இல்லாததையும் காண்கிறது. அப்போது என் பெட்டியில் இருக்கிற பழைய டெஸ்ட் லேம்பைத்தான் எடுப்பேன். பல்பு எரியவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30இல் எங்களை அடித்தது. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் தென்னையும் லைன் மேல் கிடந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த லைன்மேன்கள் இரவு பகல் பார்க்காமல் வேலை செய்தார்கள். எங்கள் தெருவுக்குக் கறண்டு வர பத்து நாளுக்கு மேல் ஆனது. வந்த சாயங்காலம் பிள்ளைகள் கத்திய கத்தலுக்கு நடுவிலும் நான் மெயினைப் போடாமல் முதலில் மீட்டரை வைத்தேன். 338 வோல்ட். எங்கோ நியூட்ரல் அறுந்து, லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் ஏறி நிற்கிறது. தெரு முழுக்க ஓடி மெயினை அணைக்கச் சொன்னேன். நாலு வீட்டில் அதற்குள் டிவியும் பிரிட்ஜும் போயிருந்தன. மற்ற வீடுகள் தப்பின. பக்கத்து வீட்டு ஆச்சி, "அந்தப் பெட்டி என்ன வெல மக்களே?" என்று கேட்டு, மறுவாரம் பேரனை அனுப்பி ஒன்று வாங்கினார்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். வாங்கிய அன்றே மூன்று எண்ணைப் பார்த்து மெயின் போர்டு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு, பேஸுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு. முதல் இரண்டும் 230ஐ ஒட்டி இருக்க வேண்டும். மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் நீங்களே கை வைக்காமல் ஒரு நல்ல வயர்மேனைக் கூப்பிடுங்கள். பார்க்கும்போது நாப் மாற்று மின்சாரத்தின் பெரிய ரேஞ்சில், சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில், காலில் செருப்பு.